பதினோராவது கட்டம்

அக்காவின் லேப்டாப்பில் நான் வேண்டாம் என்று விட்ட டிரைவர்கள் மொத்தம் பதின்மூன்று. அவற்றில் பன்னிரண்டைப் பற்றி எனக்கு இன்றைக்கும் ஒரு வருத்தமும் கிடையாது. திரும்பவும் அந்தப் பட்டியலை என் முன்னால் வைத்தாலும் அந்தப் பன்னிரண்டையும் அப்படியேதான் விடுவேன். மிச்சம் இருக்கும் ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

லேப்டாப் பழுது பார்ப்பது என் தொழில். பதினாறு வருஷமாக ஒரே கடை, மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே முதல் மாடியில். ஒரு மெஷினைச் சுத்தமாகத் துடைத்துப் புதிதாக சிஸ்டம் ஏற்றினால், அதைச் செய்த கம்பெனியின் பக்கத்திலிருந்து ஒரு பட்டியல் வரும். மெஷினின் ஒவ்வோர் உறுப்பையும் இயக்குவதற்கான சின்னச் சின்ன மென்பொருள்கள், அவைதான் டிரைவர்கள். சில கட்டாயம், அவை இல்லாவிட்டால் திரைகூட ஒழுங்காக வராது. மற்றவற்றுக்கு மேலே 'விருப்பத்தேர்வு' என்று போட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கட்டம் இருக்கும். வேண்டுமென்றால் டிக் போடலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம்.

அந்த விருப்பத்தேர்வுப் பட்டியலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாங்கிய நாளிலிருந்து ஒருவரும் தொடாத கார்டு ரீடருக்கு ஒரு டிரைவர். ஓரத்தில் அடிக்கடி தலைநீட்டி 'உங்கள் மெஷின் நலமா' என்று விசாரிப்பதற்கு ஓர் உதவியாளர். அந்த உதவியாளரைப் புதுப்பிக்க இன்னோர் உதவியாளர். இத்தனையையும் ஏற்றிவிட்டு, மெஷின் படுத்துவிட்டது என்று என்னிடமே தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து "இது எதுக்கு?" என்பேன். என்ன கேட்டாலும் வாடிக்கையாளர் முழிப்பார். டிக்கை எடுத்துவிடுவேன். என் கையிலிருந்து போகும் மெஷின் பளிச்சென்று இருக்கும். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சநஞ்சம் இல்லை.

அத்தான் எனக்கு நேர் எதிர். அக்காவின் கணவர், லிப்ட் மெக்கானிக். எந்தப் பட்டியல் வந்தாலும் மேலிருந்து கீழே வரை எல்லாக் கட்டத்திலும் டிக் போடுவார். நான் அவரை 'டிக் மகாராஜா' என்று கூப்பிடுவேன், அவர் என்னை 'துடைப்பம்' என்பார்.

"இது எதுக்கு அத்தான்? இது என்ன பண்ணும்னாவது தெரியுமா?"

"தெரியாது. இருந்துட்டுப் போகட்டுமே. உன் வீட்டுச் சோத்தையா திங்குது?"

இப்படித்தான் எங்கள் சண்டை போகும். லிப்டில் ஓர் உதிரிப் பாகம் எதற்கு இருக்கிறது என்று தெரியாவிட்டால் அதைக் கழற்றக் கூடாது, அது அவர் தொழிலில் படித்த பாடம். மனிதர் லிப்ட் கதவில் காதை வைத்து நிற்பார். மேலே எங்கேயோ ரிலே என்கிற சின்ன மின்சுவிட்ச் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகத் தட்டினால் போதும், எந்த மாடி, எந்தக் கதவு என்று சொல்லிவிடுவார். இதை அவரே பத்துத் தடவை என்னிடம் அளந்திருக்கிறார். நான் கொட்டாவி விட்டிருக்கிறேன்.

அக்காவின் வேலையும் காது வேலைதான். மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, அவசர அவசரமாக ஒலிப்பதிவில் சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டு, எழுத்துப் பிசகாமல் அறிக்கையாகத் தட்டித் தர வேண்டும். பதினெட்டு வருஷம் செய்தாள். அதில் கடைசி ஏழு வருஷம் வீட்டிலிருந்தே, அந்த லேப்டாப்பில். தலையில் ஹெட்போன், விரல்கள் விசைப்பலகையில், வலது காலடியில் ஒரு பெடல். பெடலை மிதித்தால் பதிவு ஓடும். ஏதாவது புரியவில்லை என்றால் காலை எடுத்து மறுபடி மிதிப்பாள், இரண்டு வார்த்தை பின்னால் போய் மீண்டும் சொல்லும். அப்படி மிதிக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும்.

வாய்க்குள்ளேயே பேசும் மருத்துவர்கள், சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறவர்கள், காரை ஓட்டிக்கொண்டே பேசுகிறவர்கள், இவர்களின் பதிவெல்லாம் அக்காவுக்குத்தான் வரும். மற்றவர்கள் கையை விரித்துவிட்டால், 'காதுக்கு அனுப்பு' என்று சொல்லிவிடுவார்களாம். அலுவலகத்தில் அவள் பெயரே 'காது'. முகம்கூடப் பார்த்திராத இளம் மருத்துவர் ஒருவர், "இந்தப் பதிவைக் காது அம்மாவே செய்யட்டும்" என்று பதிவிலேயே சொல்லிவிட்டாராம். அதை அவள் என்னிடம் ஓட்டிக் காட்டியபோது முகம் சிவந்துபோனது. படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டவள் அவள். தனக்கென்று அவள் சம்பாதித்த பெயர் அந்த ஒன்றுதான்.

வீட்டில் மட்டும் அந்தக் காது கொஞ்சம் மக்கர் பண்ணும். நான் சமையலறை வாசலில் நின்று ஏதாவது கேட்டால் பதிலே வராது. "தனக்கு வேண்டியதுதான் இவளுக்குக் கேட்கும்" என்று நான் கிண்டல் செய்வேன். அவளும் சிரித்துக்கொண்டே, "நாள் முழுக்க ஊரான் பேச்சைக் கேட்டுட்டு, உன் பேச்சையும் கேக்கணுமா?" என்பாள். அத்தான் மட்டும் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் எழுந்து, சுற்றி வந்து, அவள் முகத்துக்கு எதிரே நின்று சொல்வார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இப்படி வழிகிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் அவள் மேஜைக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் இருக்கும் தாழ்வான நாற்காலியில் அவர் உட்கார்ந்துவிடுவார். கையில் குறுக்கெழுத்துப் புத்தகம், காதில் பென்சில். அவள் தட்டுவாள், அவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வப்போது பென்சிலால் ஏதோ ஒரு கோடு போடுவார். ஒருநாள் எட்டிப் பார்த்தேன், கட்டங்கள் எல்லாம் காலி. "என்ன அத்தான், ஒண்ணுக்குக்கூட விடை தெரியலையா?" என்றேன். "கஷ்டமா இருக்குடா" என்றார்.

அவர் போன மாசி முடிவில் போய்விட்டார். வயிற்றுவலி என்று மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை, ஒன்பதாவது நாள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, சொல்லவும் வராது.

மூன்று மாதம் கழித்து அக்கா மறுபடி வேலைக்கு உட்கார்ந்தாள். லேப்டாப் நகரவே மாட்டேன் என்றது. கதவைத் திறக்கக் கால்மணி நேரம் எடுத்துக்கொள்ளும் கிழம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. எனக்கு போன் பண்ணினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மனசுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. அத்தான் இருந்தவரை அந்த மெஷினைத் தொட என்னை விட்டதே இல்லை. "உன் துடைப்பத்தை இங்க கொண்டு வராதே" என்பார். அக்காவுக்கு என்னால் செய்ய முடிந்த உதவி இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. ஆறுதல் சொல்லத் தெரியாதவன் நான். மெஷினைச் சுத்தம் பண்ணித் தரத் தெரியும்.

பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு வேகமான புது டிஸ்க்கைப் போட்டேன். அவளுடைய கோப்புகளை எல்லாம் எடுத்து வைத்தேன். சிஸ்டம் ஏறியது. பட்டியல் வந்தது. விருப்பத்தேர்வு மட்டும் பத்தொன்பது. அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாரு, உன் வீட்டுக்காரர் இதுல ஒண்ணு விடாம ஏத்தி வச்சிருக்கார். இந்த விரல்ரேகை எதுக்கு? நீ விரல் வச்சிருக்கியா என்னைக்காவது?"

"இல்ல."

"கார்டு ரீடர்?"

"அப்படின்னா?"

எடுத்தேன். பெடலுக்கான டிரைவர் இருந்தது. பெடல் என் கண்ணுக்கு எதிரே கிடந்தது, அதனால் அதற்கு டிக் போட்டேன். கேமரா, வேண்டும். புளூடூத், வேண்டாம். ஒன்பதாவது, பத்தாவது எல்லாம் என்னைப் போன்றவனைக் கேவலப்படுத்துவதற்கென்றே செய்த உதவியாளர்கள். பதினோராவது கட்டத்தில் 'ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகை' என்று இருந்தது. ஒலி வருவதற்கான அடிப்படை டிரைவர் சிஸ்டத்தோடேயே வந்துவிடும், அது ஏற்கனவே வேலை செய்துகொண்டிருந்தது. இந்தப் பலகை என்பது பாட்டுக்கு அடித்தொனி ஏற்றுவது, அறையில் எதிரொலி வைப்பது போன்ற விளையாட்டுக்கெல்லாம்.

"இது எதுக்கு?" என்றேன்.

அக்கா கண்ணைச் சுருக்கிப் படித்தாள். "அவர்தான் அப்பப்போ ஏதோ திறந்து வச்சுப் பாத்துட்டு இருப்பார். என்னன்னு..." என்று ஆரம்பித்தாள்.

நான் அதற்குள் டிக்கை எடுத்துவிட்டேன். "பாட்டு கேக்கறவனுக்குத்தான் இதெல்லாம்" என்றேன்.

அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் படுத்தபடி அந்த வாக்கியத்தை நானே முடித்துப் பார்த்திருக்கிறேன்.

மெஷின் பதினோரு வினாடியில் எழுந்து நின்றது. அக்கா, "அடேயப்பா" என்றாள். அவர் போனதற்குப் பிறகு அவள் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது. பழைய டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கி வந்தேன். வாடிக்கையாளரின் பழைய டிஸ்க்கை ஆறு மாதம் வைத்திருந்துவிட்டுத்தான் துடைப்பது என் கடை வழக்கம். பெயர் ஒட்டி டிராயரில் போட்டேன்.

பத்து நாளில் போன் வந்தது.

"டேய், சத்தம் ஒரு மாதிரி இருக்குடா. பஞ்சை அடைச்ச மாதிரி. பேசறது கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு பிடிபடல."

போனேன். ஹெட்போனை என் காதில் மாட்டிக்கொண்டு ஒரு பதிவை ஓட்டினேன். அந்த மருத்துவர் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல அவ்வளவு தெளிவு. வேறு ஹெட்போன் கொண்டு போயிருந்தேன், அதிலும் ஓட்டினேன். சோதனை மணியை அடித்துப் பார்த்தேன். இடது காது, வலது காது, இரண்டும் சரி.

"மெஷின்ல ஒண்ணும் இல்லக்கா."

"முன்னாடி இப்படி இல்லையேடா."

"முன்னாடி மெஷின் குப்பையா இருந்துச்சு. இப்பதான் உள்ளதை உள்ளபடி குடுக்குது. நீ சரியா தூங்கறியா? சாப்பிடறியா?"

அவள் ஹெட்போன் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அதுவாத்தான் இருக்கும்" என்றாள்.

நான் பார்த்தது என் காதால். எனக்கு நன்றாகக் கேட்டது, அதனால் மெஷின் சரி. பதினாறு வருஷத் தொழில்காரனுக்கு இதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை நான் கொஞ்சம் எரிந்துகூட விழுந்தேன். "அக்கா, நீ மனசுல வச்சுக்கிட்டு மெஷினைக் குறை சொல்லாதே" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. பிறகு அவள் கூப்பிடவில்லை.

அடுத்த இரண்டு மாதத்தில் நடந்ததை எல்லாம் அவள் பின்னால்தான் சொன்னாள். ஒரு பக்கம் தட்டுவதற்கு ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. மேற்பார்வை அம்மாள் முதலில், "பரவாயில்லை, மெதுவா பண்ணுங்க" என்றிருக்கிறார். கஷ்டமான பதிவுகள் வருவது நின்றது. பிறகு சுலபமானவையும் பிழையோடு திரும்பி வர ஆரம்பித்தன. ஒரு நோயாளியின் அறிக்கையில் மருந்தின் அளவு தப்பாக விழுந்துவிட்டது. கையெழுத்துப் போடும் முன் மருத்துவர் பார்த்துத் திருத்திவிட்டார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அக்காவுக்கு ஆகிவிட்டது. 'காது அம்மாவே செய்யட்டும்' என்று சொன்ன அதே மருத்துவர் அவர்.

காது மருத்துவரிடம் தனியாகவே போயிருக்கிறாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கையில் பொத்தானை வைத்துக்கொண்டு அவள் சும்மா உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். மெல்லிய, கூரான ஒலிகள் எல்லாம் இரண்டு காதிலும் போய்விட்டன என்றார் மருத்துவர். இது இன்று நேற்று வந்ததில்லை, ஏழெட்டு வருஷமாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்திருக்க வேண்டும் என்றார். அக்கா நம்பவில்லை. "போன வருஷம்வரைக்கும் அந்த ஆபீஸ்லயே நல்ல காது என்னோடதுதான்" என்று அவரிடம் வாதாடியிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே காது மெஷினுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, நேரே அலுவலகத்துக்குப் போய் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

எனக்கு விஷயம் தெரிந்தது, அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் கடை மாடிப்படி ஏறி வந்த அன்றைக்குத்தான்.

"இதை யாருக்காவது குடுத்துடு. நல்ல நிலையிலதான இருக்கு?"

"ஏன்க்கா? வேலை?"

"அவர் போனதோட காதும் போச்சுடா. விடு."

பெடலையும் மேஜைமேல் வைத்தாள். கம்பியை ஒழுங்காகச் சுற்றி ரப்பர் வளையம் போட்டிருந்தாள். காப்பி வேண்டுமா என்று நான் கேட்டதற்கு என் வாயைப் பார்த்துவிட்டு, "வேண்டாம்" என்றாள். வாயைப் பார்க்கிறாள் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

லேப்டாப்பை இரண்டு வாரம் தொடவில்லை. அதற்குள் டிராயரில் இருந்த பழைய டிஸ்க்குக்கு ஆறு மாதக் கெடு முடிந்தது. துடைப்பதற்கு முன்னால் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது வழக்கம். அதன் மெஷினே பக்கத்தில் இருந்ததால் அதிலேயே மாட்டித் திறந்தேன். பழைய கிழம் இருமி இருமி எழுந்து நின்றது. முகப்பில் இருந்த ஒலிப்பதிவு ஒன்றைச் சும்மா தட்டினேன். ஹெட்போன் என் காதில் இருந்தது.

பிடுங்கி எறிந்தேன். தகரத்தை ஆணியால் கீறுவது போல ஒரு குரல். ஒவ்வொரு 'ஸ்', ஒவ்வொரு 'ச்' காதுக்குள் ஊசியாக இறங்கியது. இந்தப் பதிவு எனக்குத் தெரியும், புது டிஸ்க்கில் நான் சோதித்துப் பார்த்த அதே மருத்துவர்தான். ஏதோ கெட்டுக் கிடக்கிறது என்று ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்தேன்.

அதில் மேலும் கீழும் நகரும் பத்துக் குமிழ்கள் வரிசையாக நிற்கும், எதை மேலே தள்ளுகிறோமோ அந்த ஒலி மட்டும் கூடும். இடப்பக்கம் தடித்த ஒலிகள், வலப்பக்கம் மெல்லிய ஒலிகள். வலப்பக்கத்து நான்கு குமிழ்களும் கிட்டத்தட்ட உச்சியில் நின்றன. கீழே, சேமித்து வைத்த அமைப்புகள் என்று ஒரு பட்டியல் இருந்தது. இருபத்தாறு. பெயர் எதுவும் இல்லை, தேதி மட்டும். முதலாவது ஏழு வருஷத்துக்கு முந்தையது, அதில் வலக்கோடிக் குமிழ் ஒன்று மட்டும் ஒரே ஒரு கோடு ஏறியிருந்தது. மூன்று மாதம் கழித்து இன்னொரு கோடு. பிறகு பக்கத்துக் குமிழ். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன். ஒருபோதும் ஒரே தடவையில் இரண்டு கோடு ஏற்றவில்லை. கடைசித் தேதி, அத்தான் வயிற்றுவலி என்று மருத்துவமனைக்குப் போன நாளுக்கு முந்திய நாள்.

கீழே கண்ணாடிக் கடையில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். வெட்கப்பட்டுச் சொல்வதற்கு ஒன்றுமில்லை, அழுதேன்.

மறுநாள் கடையைத் திறக்காமல், பழைய டிஸ்க்கோடு மெஷினையும் அவள் பெடலையும் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். சொன்னால், பதினெட்டு வருஷப் பெயரில் ஏழு வருஷத்தைப் பிடுங்கிய மாதிரி. சொல்லாவிட்டால், அவர் போனதோடு தன் காதும் போய்விட்டது என்றே அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். கடைசியில் ஒத்திகை ஒன்றும் உதவவில்லை. அவள் முகத்துக்கு எதிரே நின்று, உள்ளதை உள்ளபடி உளறிக் கொட்டினேன்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஓட்டினேன். எனக்குத் தகரமாகக் கேட்ட அந்தக் குரல், அவளுக்கு மனிதக் குரலாகக் கேட்டது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். பதிவு முடியும்வரை மூடியபடியே இருந்தாள்.

பிறகு எனக்குக் கிடைக்கும் என்று நினைத்த கோபம் முதலில் அவருக்குத்தான் கிடைத்தது.

"ஏழு வருஷம்! என் காதை வச்சு எனக்குத் தெரியாம விளையாடியிருக்கார் இந்த மனுஷன். மொதல்லயே சொல்லியிருந்தா அன்னிக்கே போய்க் காது மெஷின் மாட்டியிருப்பேன்ல? இப்படியா முட்டாளாக்குவார் ஒருத்தியை?"

"உன்னை எல்லாரும் காதுன்னு கூப்பிட்டாங்களேக்கா. எப்படிச் சொல்லுவார்?"

"நீ பேசாதே."

எழுந்து அலமாரிக்குப் போனாள். அத்தானின் குறுக்கெழுத்துப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்து மேஜைமேல் போட்டாள். பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஒன்றைப் பிரித்தாள். கட்டங்கள் எல்லாம் காலி. ஓரத்தில், பக்கத்துக்குப் பக்கம், தேதி போட்டு, சின்னச் சின்னப் பென்சில் கோடுகள். நான்கு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று. அதற்குக் கீழே மறுபடி நான்கு.

"இது என்னன்னு தெரியாம தூக்கிப் போடவும் மனசு வராம வச்சிருந்தேன்" என்றாள்.

இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் விளங்கியது. பெடல். அவள் புரியாமல் திரும்பத் திரும்ப மிதிக்கும் ஒவ்வொரு 'டக்'குக்கும் ஒரு கோடு. லிப்ட் கதவில் காதை வைப்பவர், வீட்டில் அவள் காலடியில் காதை வைத்திருந்திருக்கிறார். அவள் தட்டும் ஒரு பக்கத்துக்கு நான்கு ஐந்து கோடு என்று இருந்தது எட்டு ஒன்பது ஆகும்போது, பலகையில் அடுத்த நாள் தேதியில் ஒரு குமிழ் ஏறியிருக்கும். புத்தகத்தில் அதற்கடுத்த தேதியில் கோடுகள் மறுபடி நான்குக்கு இறங்கியிருக்கும்.

அக்கா அந்தக் கோடுகளின்மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் மூணு தடவை கூப்பிட்டேன்டா உன்னை."

"தெரியும்க்கா."

"எதைப் பாத்தாலும் எதுக்கு, எதுக்குன்னு கேப்பியே. பதில் வர்றவரைக்கும் ஒரு தடவை நின்னிருக்கலாம்."

மன்னிப்புக் கேட்டேன், தரையைப் பார்த்துக் கேட்டதால் அது அவள் காதில் விழுந்திருக்காது. முகத்தை நிமிர்த்தி மறுபடி கேட்டேன். அவள் பெடலின் ரப்பர் வளையத்தைக் கழற்றினாள்.

அலுவலகத்துக்கு நானே போய்ப் பேசுகிறேன் என்றேன். அவள் இடத்துக்கு ஆள் போட்டாயிற்று, போன மாதமே. அது எனக்கும் தெரியும். காது மெஷின் வாங்கலாம், வேறு இடத்தில் முயற்சி பண்ணலாம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அவள் பெடலைக் கீழே வைத்து, கால் விரலால் தன் இடத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பழைய பதிவு ஒண்ணு இருக்கும் பாரு, சாப்பிட்டுக்கிட்டே பேசுவாரே, அவரோடது. அதைப் போடு."

போட்டேன். விசைப்பலகையில் விரல்கள் ஓட ஆரம்பித்தன. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அனுப்பி முடித்த அறிக்கை அது. அதற்காக இன்றைக்கு யாரும் காத்திருக்கவில்லை. எனக்கு நிற்பதா போவதா என்று தெரியவில்லை. கடைசியில் ஜன்னலோரம் போய் அந்தத் தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தால் அவள் முகம் தெரியாது, கால் மட்டும்தான் தெரியும்.

டக் என்றது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு அடுத்தடுத்து மூன்று. அத்தானின் கடைசிக் குமிழ் ஏறி ஒன்பது மாதம் ஆகியிருந்தது, அதற்குள் அவள் காது இன்னும் கொஞ்சம் குறைந்துவிட்டிருந்தது. பக்கம் முடியும்போது நான் பதினொன்று எண்ணியிருந்தேன்.

மேஜைக்குப் போய், வலக்கோடிக் குமிழை ஒரு கோடு ஏற்றினேன். இரண்டு ஏற்றலாமா என்று கை போனது, விட்டுவிட்டேன். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. தட்டிக்கொண்டே, மேஜைமேல் கிடந்த அவருடைய பென்சிலை மட்டும் இடது கையால் என் பக்கம் உருட்டிவிட்டாள்.

கடைசிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். காலி ஓரத்தில் அன்றைய தேதியை எழுதினேன். பெடல் டக் என்றது. ஒரு கோடு போட்டேன்.